43க்கு முன்னால் நிறுத்த வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்சின் இலக்கம் 87. இதைக் கரும்பலகையில் எழுதி, "முதன்மை எண்ணா?" என்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேர் "ஓம் சேர்" என்பார்கள். 8ஐயும் 7ஐயும் கூட்டினால் 15. அது மூன்றால் வகுபடும், ஆகவே 87உம் வகுபடும். மூன்றும் இருபத்தொன்பதும்தான் அதன் முதன்மைக் காரணிகள்.

முதன்மை எண்ணை விளக்க எனக்குப் பனங்கொட்டை போதும். 24 கொட்டைகளைப் பாத்தியில் வரிசைக்கு ஆறாக நாலு வரிசை அடுக்கலாம். 23 கொட்டைகளை ஒரே நீள வரிசையாகத்தான் வைக்கலாம். வேறு எப்படி அடுக்கினாலும் கடைசி வரிசை நிரம்பாது. தமிழ்நாட்டில் இதைப் பகா எண் என்பார்கள். பகுக்க முடியாதது என்று பெயரே சொல்லிவிடுகிறது.

மற்ற எண்களை முதன்மைக் காரணிகளாக உடைக்கலாம். எங்கள் அஞ்சல் குறியீடு 40000. ஒரு பிள்ளை இரண்டால் வகுத்துக்கொண்டே போவாள். பக்கத்துப் பிள்ளை 200ஐ 200ஆல் பெருக்கியது என்று தொடங்குவான். கடைசியில் இரண்டு கொப்பியிலும் ஆறு இரண்டுகளும் நாலு ஐந்துகளும்தான் இருக்கும். எந்த வழியால் போனாலும் விடை ஒன்றே. இத்தனை வருடம் படிப்பித்த பிறகும் இது எனக்கு அதிசயம்தான்.

பிள்ளைகள் தடுமாறுவது எங்கே நிறுத்துவது என்பதில்தான். 2021ஐ எடுங்கள். 2, 3, 5, 7, 11, 13 என்று வகுத்துப் பார்ப்பார்கள், மீதி வரும். இருபதைத் தாண்டினால் கை சோர்ந்துவிடும். "சேர், இது முதன்மை எண்தான்" என்று பேனையை வைத்துவிடுவார்கள். இன்னும் சிலர் ஆயிரம் வரை போகவேண்டும் என்று பயப்படுவார்கள்.

இரண்டும் தேவையில்லை. 45ஐ 45ஆல் பெருக்கினால் 2025. 2021 அதைவிடச் சிறியது. அதை இரண்டு எண்களின் பெருக்கமாக எழுத முடிந்தால், இரண்டும் ஒருசேர 45 அல்லது அதற்கு மேல் இருக்க முடியாது. ஒன்றாவது 45க்குக் கீழே இருந்தாக வேண்டும். ஆகவே 43 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் பதினாலே எண்கள். 41 வரை பதின்மூன்றும் கைவிடும். பதினாலாவதான 43 மீதியில்லாமல் வகுக்கும், 47 வரும். ஒரேயொரு படி முன்னால் நிறுத்திய பிள்ளைக்கு விடை பிழை.

இன்று இணையத்தில் தகவல்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையும் இந்தச் சிரமத்தை நம்பித்தான் இருக்கிறது. பெரிய இரண்டு முதன்மை எண்களைக் கணினி கணத்தில் பெருக்கிவிடும். 617 இலக்கங்கள் கொண்ட அந்தப் பெருக்கத்தைத் திரும்ப உடைக்க இன்றைய கணினிகளால் ஆகாது.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையிடம் 2023ஐக் கொடுங்கள். ஏழால் வகுபட்டு 289 வரும். பிள்ளை அதோடு பேனையை வைக்கப் பார்த்தால், 17 வரை போகச் சொல்லுங்கள்.