நுரையீரலில் வைத்த மார்க்கர் நகர்ந்துவிட்டால்?

[திரையில்: மூச்சோடு மேலும் கீழும் போய்வரும் கட்டி]

நுரையீரல் கட்டி ஓரிடத்தில் நிற்காது. மூச்சை இழுத்தால் இறங்கும், விட்டால் ஏறும். உதரவிதானத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரே மூச்சில் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரைகூட நகரும். துல்லியக் கதிர்வீச்சு சிகிச்சையிலோ ஒவ்வொரு தடவையும் கொடுக்கிற டோஸ் ரொம்ப அதிகம். குறி தவறினால் அடிபடுவது நல்ல திசு.

அதனால் கட்டிக்குள்ளோ, அதை ஒட்டியோ தங்க மார்க்கர்கள் வைக்கிறார்கள். தடிமன் சுமார் 1 மில்லிமீட்டர், நீளம் 3 முதல் 5 மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் கட்டி மங்கலாகத் தெரியும் இடத்திலும் தங்கம் பளிச்சென்று தெரியும். அதை வைத்துத்தான் கட்டி எங்கே என்று இயந்திரம் கணக்கிடுகிறது. மார்க்கர் நகர்ந்திருந்தால் அந்தக் கணக்கே தப்பு.

[திரையில்: மூச்சுக்குழாயின் கிளைகள்]

நுரையீரல் முழுக்கக் காற்றறைகள். வழவழப்பான தங்கத் துண்டுக்கு அங்கே பிடிமானம் கிடைப்பது கஷ்டம். பிராங்கோஸ்கோப்பி மூலம், அதாவது மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டு, வைத்த மார்க்கர் அகலமான குழாயில் கிடந்தால், இருமலோடு வெளியே வந்துவிடலாம். அதனால் அது இறுகிச் சிக்கும் அளவுக்குக் குறுகலான நுனிக் கிளை வரை கொண்டுபோய் வைக்கிறார்கள். மார்பு வழியாக ஊசியால் வைப்பதும் உண்டு. அதில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும் ஆபத்து கூடுதல்.

வடிவத்தை மாற்றியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த தீர்வு. நேரான துண்டுக்குப் பதில் சுருள் கம்பி: ஊசியை விட்டு வெளிவந்ததும் சுருண்டு, சுற்றியுள்ள திசுவைப் பிடித்துக்கொள்கிறது.

[திரையில்: அ, ஆ, இ என மூன்று புள்ளிகள்]

மார்க்கர் வைத்த அன்றே, சிகிச்சையைத் திட்டமிடுவதற்கான ஸ்கேன் எடுப்பதில்லை. பெரும்பாலும் ஒரு வாரம் போல விடுகிறார்கள். தாமதம் என்று பதறாதீர்கள். வீக்கமும் ரத்தக்கசிவும் அடங்கும், நகர வேண்டியதும் அதற்குள் நகர்ந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொரு சிகிச்சையிலும் மார்க்கர்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளைப் பார்க்கிறார்கள். அ, ஆ, இ என்று மூன்று மார்க்கர்கள் என்று வைத்துக்கொள்வோம். அ-ஆ தூரம் அப்படியே இருக்கிறது, இ-க்குப் போகும் இரண்டு தூரமும் மாறிவிட்டன. சரி, நகர்ந்தது இ. அதைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம். ஒரே ஒரு மார்க்கர் என்றால் இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை. இரண்டு என்றால் தூரம் மாறியது தெரியும், நகர்ந்தது எது என்று தெரியாது. அதனால்தான் முடிந்தவரை மூன்றாவது வைக்கப் பார்க்கிறார்கள். மிச்சம் போதாவிட்டால் மறுபடி ஸ்கேன், புதுத் திட்டம், தேவைப்பட்டால் புது மார்க்கர்.

மார்க்கர் வைத்த பிறகு கடும் இருமல் வந்தாலோ, சளியில் உலோகத் துண்டு தெரிந்தாலோ, அடுத்த சிகிச்சைக்கு முன்பே உங்கள் மருத்துவக் குழுவிடம் சொல்லிவிடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ என்றால் காத்திருக்கவே வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.