கண்ணாடிப் பிம்ப மூலக்கூறுகள்: எல்லாப் பண்பும் ஒன்றென்றால் உடலுக்கு வேறுபாடு எப்படித் தெரிகிறது?

நான்கு பிணைப்புகளும் நான்கு மூலைகளை நோக்கி நீளும் நான்முகிக் கார்பனைப் பற்றிய சென்ற பதிவைப் பார்த்துவிட்டு ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஒரு கைரல் மூலக்கூறுக்கும் அதன் கண்ணாடிப் பிம்பத்துக்கும் பிணைப்பு நீளம், பிணைப்புக் கோணம், உருகுநிலை, கொதிநிலை, அடர்த்தி எல்லாம் ஒன்றே என்கிறீர்கள். அப்படியிருக்க, இவை இரண்டும் வேறு வேறு என்று உடலுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?" இடக்கையும் வலக்கையும் போல, தன் கண்ணாடிப் பிம்பத்தோடு ஒன்றிப் பொருந்தாத மூலக்கூறைத்தான் கைரல் என்கிறோம். அந்த இரு வடிவங்களுக்கும் ஆர், எஸ் என்று குறியீடு இடுவது எப்படி என்று கேட்பவர்களே அதிகம், அது விதிகளைப் பழகினால் வந்துவிடும். இந்தக் கேள்வியோ பாடத்தின் ஆணிவேரையே பிடித்து இழுக்கிறது.

நான் அடிக்கடி சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: இடம் வலம் உள்ள ஒன்றைக் கொண்டுதான் இடத்தையும் வலத்தையும் பிரித்தறிய முடியும். ஒரு பந்தை இடக்கையில் பிடித்தாலும் வலக்கையில் பிடித்தாலும் பந்துக்கு எந்த வேறுபாடும் தெரியாது. வலக்கை உறைக்குள் கையை நுழைத்தால் எந்தக் கை என்பது உடனே தெரிந்துவிடும். வெப்பநிலைமானியும் தராசும் பந்தைப் போன்றவை. வெப்பத்துக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. ஆகவே அதைக் கொண்டு அளக்கும் உருகுநிலை இரண்டு வடிவங்களுக்கும் ஒன்றாகத்தான் இருக்கும்.

"தளமுனைவுற்ற ஒளி, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி, மட்டும் எப்படி வேறுபாடு காட்டுகிறது?" என்று நீங்கள் மடக்கலாம். தளமுனைவுற்ற ஒளியை, வலமாகச் சுழலும் ஒளியும் இடமாகச் சுழலும் ஒளியும் சம அளவில் சேர்ந்ததாகக் கருதலாம். கைரல் மூலக்கூறுகள் நிறைந்த கரைசலில் இவ்விரண்டின் வேகமும் சற்றே வேறுபடுவதால், வெளிவரும் ஒளியின் தளம் திரும்பியிருக்கிறது. ஒளிக்குள்ளேயே இடமும் வலமும் இருப்பதால்தான் அது வேறுபாட்டைக் காண்கிறது.

இன்னும் அருகில் சென்று டார்டாரிக் அமிலத்தைப் பாருங்கள். ஒளியின் தளத்தை வலமாகத் திருப்பும் வலஞ்சுழி வடிவமும் இடமாகத் திருப்பும் இடஞ்சுழி வடிவமும் தனித்தனியே ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் உருகுகின்றன. இரண்டையும் சம அளவில் கலந்த சுழிமாய்க் கலவையின் படிகமோ ஏறத்தாழ 206 டிகிரியில்தான் உருகுகிறது. வெப்பநிலைமானி மாறவில்லை, படிகத்துக்குள் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வாய்த்த அண்டைவீட்டார் மாறிவிட்டார்கள். தன் இனத்தோடு மட்டும் அடுக்கப்படுவது வேறு, எதிர் வடிவத்தோடு சேர்த்து அடுக்கப்படுவது வேறு. 1848-இல் டார்டாரிக் அமில உப்பின் இருவகைப் படிகங்களைக் கையால் பொறுக்கிப் பிரித்த பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர், 1853-இல் வேறொரு வழியைக் கண்டார். சின்கோனா மரத்திலிருந்து பெறப்பட்ட கைரல் காரங்களை அவர் சுழிமாய் அமிலத்தோடு சேர்த்தபோது உருவான இருவகை உப்புகள் ஒன்றுக்கொன்று பிம்பங்களாக அமையவில்லை. கரைதிறன் வேறுபட்டது, ஒன்று முதலில் படிந்தது. படிகங்களைப் பொறுக்கியதைத்தான் எல்லோரும் கதையாகச் சொல்கிறார்கள். இந்த இரண்டாம் வழியே பெரிய சாதனை என்பது என் கருத்து.

உடல் செய்வதும் இதையேதான். நம் புரதங்கள் எல்-அமினோ அமிலங்களால், அதாவது இரு பிம்ப வடிவங்களில் ஒன்றை மட்டுமே கொண்ட அமினோ அமிலங்களால், ஆனவை. ஆகவே புரதங்களான நொதிகளும், மூலக்கூறுகள் வந்து பொருந்தும் ஏற்பிகளும் தாமே கைரல் தன்மை உடையவை. மூலக்கூறின் மூன்று தொகுதிகள் ஏற்பியின் மூன்று இடங்களில் பொருந்த வேண்டும் என்றால், பிம்ப வடிவத்தை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் இரண்டுதான் பொருந்தும். மூன்றாவது தவறான இடத்தில் நிற்கும்.

இதை அடுத்து நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உடலுக்குள் போன வடிவம் அப்படியே நிலைத்திருக்குமா? 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, பிறவிக் குறைபாடுகளுக்குக் காரணமென்று தெரிந்து 1961-இல் அங்கே திரும்பப் பெறப்பட்ட தூக்க மருந்தான தாலிடோமைடைப் பற்றிப் பேசும்போது, "நல்ல வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தால் தீங்கு நேர்ந்திருக்காது" என்று பலரும் சொல்வதுண்டு. அது சரியல்ல. நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த அதன் கைரல் கார்பன், கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இணைந்த ஒரு கார்பனைல் தொகுதியை ஒட்டியிருப்பதால், அதிலுள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடுகிறது. அப்போது அந்தக் கார்பன் தட்டையாகிறது. ஹைட்ரஜன் எந்தப் பக்கமிருந்தும் திரும்பி வந்து சேரலாம். ஒரே வடிவத்தைக் கொடுத்தாலும் சில மணி நேரத்தில் இரண்டும் இரத்தத்தில் இருக்கும்.

ஐபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணியில் நிலைமை வேறு. வலியைக் குறைப்பது பெரும்பாலும் எஸ் வடிவம். ஆர் வடிவத்தின் ஒரு பகுதியை உடலே எஸ் ஆக மாற்றிக்கொள்கிறது, ஆனால் எஸ் ஆர் ஆவதில்லை. இந்த மாற்றத்தின் முதல் படியைச் செய்யும் நொதி ஆர் வடிவத்தை மட்டுமே ஏற்பதுதான் காரணம். தாலிடோமைடின் ஹைட்ரஜனைக் கழற்ற நீரும் காரத்தன்மையுமே போதும். அவற்றுக்கு இடம் வலம் இல்லாததால் அந்த மாற்றம் இரு திசையிலும் நடக்கிறது.