பூண்டுக் கொட்டகைக்கு ஒரு காற்றாலை: பழைய ஹப் மோட்டார், பிவிசி பைப், 24 வோல்ட்

(காட்சி: மன்னவனூர் மேட்டுப் புல்வெளி. கழியில் கட்டிய நாடா காற்றில் நீண்டு பறக்கிறது.)

ஜூன் பிறந்ததும் பழனி மலையின் மேற்பகுதியில மேகம் இறங்கிடும். சோலார் பேனலோட உற்பத்தி சரியும். அதே மாசங்கள்லதான் மன்னவனூர், கூக்கால், பூம்பாறை மேடுகள்ல காத்து ஓயாம அடிக்கும். ஏற்கெனவே சோலார் வச்சிருக்கிறவங்களுக்கு, அந்த மாசங்களைச் சமாளிக்க ஒரு சின்னக் காற்றாலை நல்ல துணை. அதை மட்டுமே நம்பினா மார்ச், ஏப்ரல்ல இருட்டுலதான் உட்காரணும்.

எவ்வளவு கரண்ட் கிடைக்கும்? நாம செய்யப்போற சக்கரத்தோட விட்டம் 1.5 மீட்டர். கடல்மட்டத்துல ஒரு கன மீட்டர் காத்து ஏறக்குறைய 1.2 கிலோ. 2,000 மீட்டர் உயரத்துல 1 கிலோதான். அதனால சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது. காத்துல இருக்கிற சக்தியில கால் பங்கை எடுத்தா, நொடிக்கு 5 மீட்டர் காத்துல 28 வாட், 8 மீட்டர்ல 113 வாட், 10 மீட்டர்ல 220 வாட். வேகம் இரட்டிப்பானா சக்தி எட்டு மடங்கு. உயரம் கூடினா காத்து வேகமும் கூடும், கோபுரத்தை உயர்த்துறதுக்குச் செலவழிக்கிற காசு வீண் போகாதுன்னு சொல்றது இதனாலதான்.

(காட்சி: மேசையில் ஹப் மோட்டார். மஞ்சள், பச்சை, நீலம் என மூன்று தடித்த ஒயர்கள்.)

கார் ஆல்டர்நேட்டர் மலிவா கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க. அது சார்ஜ் கொடுக்க நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல சுத்தணும். உள்ளே காந்தத்தை உண்டாக்கவே பேட்டரி கரண்டைத் தின்னும். நமக்கு வேண்டியது பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோட 48 வோல்ட், கியர் இல்லாத ஹப் மோட்டார், அதாவது சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற மோட்டார். கியர் உள்ளதுல சக்கரம் ஒரு பக்கம் சும்மா சுத்தும், கரண்ட் வராது. காயலான் கடையிலேயே சோதிச்சுடலாம்: மூணு தடித்த ஒயரையும் ஒண்ணா முறுக்கி மோட்டாரைச் சுத்துங்க. ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சா அது கியர் இல்லாதது. ஒயரைப் பிரிச்ச பிறகும் அதே இறுக்கம் இருந்தா காயில் உள்ளே ஷார்ட் ஆயிருக்கு, வேண்டாம். மெல்லிய ஒயர்கள் சென்சாருக்கானவை, நமக்குத் தேவையில்லை.

மூணு ஒயரையும் ஏசியை டிசியா மாத்துற 35 ஆம்பியர் மூணு ஃபேஸ் ரெக்டிபையர்ல இணைங்க. நொடிக்கு ஒரு சுத்து வீதம் கையால சுத்தினா மல்டிமீட்டர்ல 4, 5 வோல்ட் டிசி வரணும்.

இப்போ பலர் சறுக்குற இடம். இந்த மோட்டாரை 12 வோல்ட் பேட்டரியில மாட்டினா நிமிஷத்துக்கு 150 சுத்துலேயே சார்ஜ் ஆரம்பிச்சுடும். கேட்க நல்லா இருக்கும். ஆனா 5 மீட்டர் காத்துல நம்ம இறக்கை 300 சுத்துக்கு மேல போனாத்தான் காத்தைச் சரியாப் பிடிக்கும். பேட்டரி அதை 170, 180-லேயே அமுக்கி வச்சிடும். காத்து இறக்கையை விட்டு விலகி, சக்கரம் சோம்பலா சுத்தும், ஆம்பியர் ஏறவே ஏறாது. ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடரா போட்டு 24 வோல்ட் ஆக்குங்க. சார்ஜ் 270, 280 சுத்துல ஆரம்பிக்கும். அது 4.5 மீட்டர் காத்துக்கு வர்ற வேகம். இறக்கையும் மோட்டாரும் அப்போதான் ஒத்துப்போகும்.

(காட்சி: பைப்பில் கோடு போட்டு அறுப்பது.)

இறக்கைக்கு பாசனத்துல கழிச்ச 160 மி.மீ. பிவிசி பைப், சுவர் 5 மி.மீ.க்குக் குறையாம. மெல்லிய கழிவுநீர் பைப் வளைஞ்சு கோபுரத்துல அடிக்கும். 65 செ.மீ. நீளத் துண்டை நீளவாக்குல நாலாப் பிளங்க. ஒவ்வொண்ணும் 12.5 செ.மீ. அகலம் இருக்கும். அடியில முழு அகலம், நுனியில 5 செ.மீ. வர்ற மாதிரி ஒரு ஓரத்தைச் சாய்வா வெட்டுங்க. சாய்வான ஓரம்தான் முன்னால போகணும், அதை உருட்டையா ராவுங்க. நேரான ஓரத்தைக் கூர்மையாக்குங்க. குழிஞ்ச பக்கம் காத்தைப் பார்க்கணும். ஓரங்களை மாத்திப் போட்டா கோணம் தலைகீழாகி சக்கரம் எழும்பாது. நாலுல எடை ஒத்த மூணை எடுங்க. கனமானதை நுனிப் பக்கம் ராவி, வித்தியாசத்தை ஓரிரு கிராமுக்குள்ள கொண்டு வாங்க. வெயில்ல பிவிசி நொறுங்கும், அதனால பெயின்ட் அவசியம்.

மூணையும் 6 மி.மீ. அலுமினிய வட்டத்துல, இறக்கைக்கு மூணு போல்ட், பெரிய வாஷர் வச்சு இறுக்குங்க. வட்டம் மோட்டார் ஓட்டோட சேரணும், ஏன்னா ஹப் மோட்டார்ல ஓடுதான் சுத்தும், அச்சு நிக்கும். அந்த அச்சு நழுவினா ஒயர் முறுக்கி அறுந்துடும். 8 மி.மீ. இரும்புத் தகட்டுல அச்சோட தட்டைப் பக்கத்துக்கு ஏத்த மாதிரி பள்ளம் ராவிப் பொருத்துங்க. ஒயர் வெளிய வர்ற துளையை சிலிகான் போட்டு அடைங்க. மூடுபனி ஈரம் உள்ள போனா முதல்ல பேரிங்தான் துருப்பிடிக்கும்.

திசை திரும்ப, பழைய காரோட பின்சக்கர ஹப் போதும். சக்கரத்து மையம் திரும்பும் அச்சுக்கு நேரா இல்லாம 10 செ.மீ. விலகி இருக்கட்டும். சக்கரத்தைக் காத்தைப் பார்க்க வைக்கிற வாலோட கீலை 20 டிகிரி சாய்ச்சு வெல்டிங் பண்ணுங்க. பலத்த காத்துல சக்கரம் தானா பக்கவாட்டுல ஒதுங்கும், வால் மடிஞ்சு மேலேறும், காத்து தணிஞ்சா தன் எடையில இறங்கும். ஆடி மாசக் காத்தைத் தாங்குறது இந்தக் கீலால்தான். இதை விட்டுட்டுச் செய்யவே செய்யாதீங்க.

சோலார் கன்ட்ரோலரை இதுக்கு மாட்டக் கூடாது. பேட்டரி நிறைஞ்சதும் அது இணைப்பைத் துண்டிக்கும். பளு இல்லாத சக்கரம் வெறிபிடிச்சுச் சுத்தி இறக்கை சிதறும். உபரியை வேறு பளுவுக்குத் திருப்புற டம்ப் லோடு கன்ட்ரோலர்தான் சரி. பளுவுக்கு லாரியோட 24 வோல்ட், 70 வாட் ஹெட்லைட் பல்பு நாலு. பேட்டரிகிட்ட 20 ஆம்பியர் ஃபியூஸ். 30 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மி.மீ. தாமிர ஒயர்.

(காட்சி: சாய்த்து வைத்த ஜிஐ பைப், நான்கு பக்கம் கம்பிக் கயிறு.)

இடம் முக்கியம். 100 மீட்டர் சுற்றுவட்டத்துல இருக்கிற தைலமரம், கூரை எல்லாத்தையும் விட சக்கரம் 9, 10 மீட்டர் கூடுதல் உயரத்துல இருக்கணும். அதனால திறந்த மேட்டைத் தேடுங்க. கழியில நாடா கட்டிப் பாருங்க. நீளமா பறந்தா நல்ல காத்து, படபடன்னு சுருண்டா அங்கே சுழல் இருக்கு. பாறை விளிம்பை ஒட்டின இடத்துல இந்தச் சுழல் அதிகம்.

2 இன்ச் ஜிஐ பைப், அடியில கீல், நாலு திசையிலும் 6 மி.மீ. கம்பிக் கயிறு. மேல் கயிறைச் சக்கர மையத்துக்கு 1 மீட்டர் கீழே கட்டுங்க, இல்லைன்னா இறக்கை உரசும். கோபுரத்து அடியை எர்த் கம்பியோட இணைங்க. இடி நேரா விழுந்தா அதுவும் காப்பாத்தாது. ஒயரைப் பைப்புக்குள்ள தொங்கவிட்டு அடியில பிளக் வைங்க, முறுக்கு ஏறினா கழட்டிப் பிரிக்கலாம்.

கோபுரத்தைத் தூக்குறதுக்கு முன்னாடி மோட்டாரோட மூணு ஒயரையும் ஒண்ணா இணைச்சு ஷார்ட் பண்ணுங்க. சக்கரம் கிட்டத்தட்ட நின்னுடும். இதுக்கு ஒரு மூணு முனை சுவிட்சை நிரந்தரமா வச்சா, புயல் எச்சரிக்கை வந்ததும், காத்து வலுக்கறதுக்கு முன்னாடியே நிறுத்தலாம். கயிறுகளை இறுக்கி, பேட்டரியையும் டம்ப் லோடையும் இணைச்ச பிறகுதான் சுவிட்சைத் திறக்கணும்.