கோடாரியைப் புதைத்தார்கள், 238 வருடம் கழித்து விலாங்கு மீன் வழக்கில் ஜெயித்தார்கள்!

[திரையில்: ஈர வலைக்குள் நெளியும் விலாங்கு மீன்கள்]

1993. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒருவர் 463 பவுண்டு விலாங்கு மீனைப் பிடித்து விற்கிறார். நம் கணக்கில் 210 கிலோ. கிடைத்தது 787 டாலர் 10 சென்ட். லைசென்ஸ் இல்லை என்று வழக்கு. 1999-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவரை விடுவிக்கிறது. காரணம் என்ன தெரியுமா? ஆங்கிலேயர்களும் அங்குள்ள மிக்மாக் பூர்வகுடி மக்களும் 1760, 1761-ல் போட்ட சமாதான ஒப்பந்தங்கள். அந்தச் சமாதானத்துக்காக மண்ணில் ஒரு கோடாரியைப் புதைத்தார்கள். ‘பெரி த ஹாட்செட்’ என்ற ஆங்கிலத் தொடரை அங்கே கண்ணால் பார்த்திருக்கலாம்.

சரி, அர்த்தம். ‘ஹாட்செட்’ என்றால் ஒரு கையில் பிடிக்கும் சின்னக் கோடாரி. ‘பெரி’ என்றால் புதைப்பது. எழுத்தைப் பார்த்து ‘புரி’ என்று படித்துவிடாதீர்கள். நாள்பட்ட பகையை விட்டுவிட்டு ராசியாவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

இது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் வழக்கத்திலிருந்து வந்தது. ஐரோக்வாய் என்று வெளியார் அழைத்த ஹோடனோஷோனி கூட்டமைப்பின் வாய்மொழி மரபில், ஒரு வெள்ளைப் பைன் மரத்தைப் பெயர்த்து, அந்தக் குழிக்குள் ஆயுதங்களைப் போட்டு, மேலே மரத்தை மறுபடி நட்டார்கள் என்று வருகிறது.

[திரையில்: மண்ணில் அருகருகே இரண்டு கோடாரிகள்]

இங்கே கொஞ்சம் நிற்போம். 1680-ல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் சூவல் ஒரு செய்தியை எழுதி வைத்தார். ஆல்பனியில் ஆங்கிலேயர்களும், அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த மோஹாக் மக்களும் சமாதானம் பேசியபோது புதைத்தது இரண்டு கோடாரி! ஒன்று ஆங்கிலேயர்களுக்காக, இன்னொன்று மோஹாக் மக்களுக்காக. காகிதத்தில் எழுதும் எந்த ஷரத்தையும்விட இந்தச் சடங்குதான் அவர்களைக் கட்டுப்படுத்தும் என்றும் எழுதினார். எனக்கு இந்த இரண்டு கோடாரிக் கணக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பகை என்றால் இரண்டு பக்கமும் ஆயுதம் இருக்கும். ஒருவர் மட்டும் கீழே போட்டால் அது சமாதானம் ஆகாது.

அதனால்தான் ‘மறப்போம் மன்னிப்போம்’ என்று இதை மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நோவா ஸ்கோஷியாவின் தலைநகர் ஹாலிஃபாக்ஸுக்கு வாருங்கள். 1761 ஜூன் 25. ஆளுநரின் பண்ணையில் மிக்மாக் தலைவர்களும், அப்போது நிர்வாகத்தில் இருந்த ஜொனாதன் பெல்ச்சரும் கூடினார்கள். கோடாரி மண்ணுக்குள் போனது. அந்த ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை: மிக்மாக் மக்கள் தங்கள் சரக்கை அரசு வணிகக் கிடங்குகளில் மட்டும்தான் விற்க வேண்டும். படித்தால் கட்டுப்பாடு மாதிரிதான் தெரியும். ஆனால் நீதிமன்றம் யோசித்தது: சரக்கை விற்கலாம் என்றால், அதைப் பிடிக்கவும் உரிமை இருக்க வேண்டும் அல்லவா? மிதமான பிழைப்புக்கு மீன் பிடித்து விற்கலாம் என்று தீர்ப்பு வந்தது. விலாங்கு பிடித்த அந்த மிக்மாக்காரர், டொனால்ட் மார்ஷல் ஜூனியர், அதற்கு முன்பே செய்யாத கொலைக்காக 11 வருடம் சிறையில் இருந்தவர். முன்னோர்கள் கொடுத்து வாங்கிய வாக்கை யாரும் மறக்கவில்லை என்பதால்தான் அவர் ஜெயித்தார்.

இப்போது இதை எங்கே பயன்படுத்துவது? அண்ணனும் தம்பியும் சொத்துத் தகராறில் பத்து வருடம் பேசவில்லை. தங்கை மகள் கல்யாணத்தில் ஒருவர் சாம்பார் வாளியும் ஒருவர் சோற்றுத் தட்டும் தூக்கிக்கொண்டு ஒரே பந்தியில் பரிமாறுகிறார்கள். ‘தே பெரீட் த ஹாட்செட்’. காலையில் காபிக்கு நடந்த சின்னச் சண்டைக்கு இது பொருந்தாது. நீங்கள் மட்டும் மனதுக்குள் மன்னித்தாலும் பொருந்தாது. மறுபடி சண்டைக்குக் கிளம்பினால் ‘டேக் அப் த ஹாட்செட்’, கோடாரியைக் கையில் எடுப்பது.

அப்புறம், இந்தச் சடங்கு அமெரிக்காவில் இன்னும் நடக்கிறது! டெலவேர் மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் என்று ஒரு சிற்றூர். அங்கே தேர்தல் முடிந்து இரண்டாம் நாள் ‘ரிட்டர்ன் டே’. ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் ஊர்வலம் வருவார்கள். அப்புறம் இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரே கோடாரியைச் சேர்ந்து பிடித்து ஒரு பெட்டி மணலுக்குள் இறக்குவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் வாட்டிய மாட்டிறைச்சி சாண்ட்விச் இலவசம்.

உங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்காரர்கள் ராசியானால் அதை ஊருக்குக் காட்ட என்ன செய்வார்கள்? கமெண்டில் சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.