‘எதனால ஆச்சு?’ – கரு நிக்காமப் போன பிறகு

(காட்சி: வேலூர் கோட்டை அகழி, விடியற்காலை. பின்னணி இசை வேண்டாம், குரல் மட்டும்.)

வணக்கம். எங்க குடியாத்தம் பக்கம் நாள் தள்ளிப் போனா உடனே வெளிய சொல்ல மாட்டாங்க. "மூணு மாசம் முடியட்டும், கண்ணு பட்டுடும்"னு பெரியவங்க சொல்லுவாங்க. அந்த மூணு மாசத்துக்குள்ள கரு கலைஞ்சிட்டா? சந்தோஷத்தையே சொல்லாதவ, துக்கத்தை யார்கிட்ட போய்ச் சொல்லுவா?

எனக்கு ஒன்பதாவது வாரம். ஸ்கேன்ல "ஹார்ட் பீட் வரலம்மா"ன்னாங்க. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஆட்டோவுல கணக்குப் போட்டுட்டே வந்தேன். ஒரு துண்டு பப்பாளி சாப்பிட்டேனே, அதுவா? ஒடுகத்தூர் கல்யாணத்துக்கு டவுன் பஸ்ல குலுங்கிட்டுப் போனேனே, அதுவா? மோட்டார் ரிப்பேரான அன்னைக்கு ரெண்டு குடம் தூக்கினேனே?

அது எதுவுமே இல்லை.

(காட்சி: குரோமோசோம் ஜோடிகள், எளிய வரைபடம்.)

தெரிய வர்ற கர்ப்பங்கள்ல நூத்துக்கு 10-லேருந்து 20 வரைக்கும் இப்படி முடியுது. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள்ள. அதுல ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம், அதாவது செல்லுக்குள்ள மரபுக் குறிப்பைச் சுமக்கற இழைகள். அம்மாகிட்ட இருந்து 23, அப்பாகிட்ட இருந்து 23 வந்து சேரணும். ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் பல கரு ஒரு கட்டத்துக்கு மேல வளராது. ரத்தம் படறதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே வளர்ச்சி நின்னு போயிருக்கறதும் உண்டு. அப்புறம் நேத்து தூக்கின குடத்துமேல எப்படிப் பழி போட முடியும்?

வெயிலை மட்டும் நான் லேசா விட மாட்டேன். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுல 800 கர்ப்பிணிகளைக் கவனிச்சாங்க. 2024-ல வந்த அந்த ஆய்வு, கடும் வெக்கையில வேலை செய்யறவங்களுக்குக் கரு கலையற ஆபத்து சுமார் ரெண்டு மடங்குன்னு சொல்லுது. செங்கல் சூளையில நிக்கற பொண்ணு ஆசைப்பட்டா நிக்கறா? நிழலும் தண்ணியும் ஓய்வும் குடுக்க வேண்டியது வேலை குடுக்கறவங்க. அவ தப்பு இதுல துளியும் கிடையாது.

சிகிச்சை மூணு விதம்: தானா வெளியேற விடறது, மாத்திரை, கர்ப்பப்பையைச் சுத்தம் பண்றது. எது சரின்னு டாக்டரோட பேசி முடிவு பண்ணுங்க. உங்க ரத்தம் நெகட்டிவ் குரூப்னா, அடுத்த கர்ப்பத்தைக் காக்கற ஆன்டி-டி ஊசி வேணுமான்னு மறக்காம கேளுங்க. ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பேட் நனைஞ்சு, அப்படியே ரெண்டு மணி நேரம் போனாலோ, காய்ச்சல், துர்நாற்றம், மயக்கம், ஒரு பக்கமா கடுமையான வயித்துவலி வந்தாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க.

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகள்ல வேலை பாக்கற அக்கா தங்கச்சிங்க இதைக் கவனிங்க. கருச்சிதைவுக்குச் சம்பளத்தோட 6 வாரம் லீவுன்னு 1961 மகப்பேறு சட்டத்துலேருந்தே இருக்கு. முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருக்கணும். டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கி வைங்க. ரெண்டே நாள்ல மெஷின் முன்னாடி போய் உக்கார வேண்டியதில்ல.

கர்ப்பிணிகளைப் பதியற அரசுப் பதிவான பிக்மியில பதிஞ்சிருந்தா நர்ஸ் அக்காகிட்ட வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்க. இல்லேன்னா "அஞ்சாம் மாசம் ஆச்சே, செக்கப்புக்கு வரலையா?"ன்னு போன் வரும். அந்தப் போனை எடுக்கற வலி எனக்குத் தெரியும்.

"வயசு இருக்கு, அடுத்தது நிக்கும்"னு எல்லாரும் சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க, நிறைய பேருக்கு அது உண்மையும்கூட. ஆனா நான் அழுதது அடுத்ததுக்காக இல்லையே. நாலாம் நாள் ராத்திரி அத்தை ரசம் சாதம் பிசைஞ்சு எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தாங்க. "உன் வீட்டுக்காரனுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு நிக்கலம்மா. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல"ன்னாங்க. அன்னைக்குத்தான் ஒரு கை சாதம் உள்ள போச்சு.

அப்படி ஒரு அத்தை எல்லா வீட்டுலயும் இருக்க மாட்டாங்க. தூக்கமே வராம, எதுலயும் மனசு ஒட்டாம ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா 14416-க்குக் கூப்பிடுங்க. அது டெலி மானஸ், மனநலத்துக்கான அரசு உதவி எண். இலவசம், தமிழ்லயே பேசலாம். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலேன்னா, "எனக்குக் கரு கலைஞ்சிடுச்சு"ன்னு மட்டும் சொல்லுங்க. மீதியை அவங்க கேப்பாங்க.