புது ஸ்னோமொபைலின் முதல் பத்து மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்னோமொபைல் என்பது முன்னால் சறுக்குப் பலகைகளும் (ஸ்கி) அடியில் சுழலும் ரப்பர் பட்டையும் (டிராக்) கொண்ட பனி வண்டி. அதன் என்ஜின்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் என் பிழைப்பு. பனிக்காலம் தொடங்கியதும் புது வண்டி எடுத்தவர்கள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் மெதுவா ஓட்டணும்?" ஸ்கி-டூ என்ற பிராண்டின் பல கையேடுகளில் இதற்கு நேரான பதிலே அச்சாகியிருக்கிறது. 10 மணி நேர ஓட்டம் அல்லது 500 கிலோமீட்டர். அதுவரை த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) முக்கால் பங்குக்கு மேல் அழுத்த வேண்டாம். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். மறுநாள் காலை கடுங்குளிரில் வண்டியைக் கிளப்பி, ஹெல்மெட் மாட்டிய கையோடு புறப்பட்டுவிடுவார். மெதுவாகத்தான் போவார். ஆனாலும் அந்த முதல் 200 மீட்டரில் என்ஜினின் கதை முடிந்துவிடலாம்.

முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிஸ்டன், அதைச் சுற்றி மாட்டும் ரிங், சிலிண்டர் எல்லாம் புதிதாகப் போட்டு என் கையாலேயே பூட்டிய வண்டி அது. மைனஸ் 25 டிகிரி. இரண்டாவது இழுப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்கக் கேட்க அத்தனை சந்தோஷம், அரை நிமிஷம்கூடப் பொறுக்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்து ஒரு சின்ன மேட்டில் விட்டேன். பாதி த்ராட்டில்கூட இல்லை. திடீரென்று சத்தத்தின் சுருதி இறங்கியது. யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது போல வண்டி தளர்ந்து நின்றது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் சுவரில் அடித்த ஆணியை இழுப்பது போல இருந்தது.

சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் நான்கு இடங்களில், அளந்து வைத்தாற்போல, மேலிருந்து கீழாகக் கீறல்கள். அலுமினியம் உரிந்து சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. மெக்கானிக்குகள் இதை நாலு மூலை சீஸ் (seize), அதாவது நாலு இடத்தில் இறுகிப் பிடிப்பது, என்போம். இந்த நான்கு கோடுகளைப் பார்த்துவிட்டால் வேறு விசாரணையே வேண்டாம்: சிலிண்டரை முந்திக்கொண்டு பிஸ்டன் விரிந்திருக்கிறது.

பெட்ரோல் எரிவது பிஸ்டனின் தலைமேல். ஆகவே சில விநாடிகளில் அது சூடேறி விரியும். சிலிண்டரைச் சுற்றி நிற்பதோ இரவெல்லாம் பனியில் கிடந்த கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிரவைக்கும் திரவம். அது சிலிண்டரை அவ்வளவு சீக்கிரம் விரிய விடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் கனத்தை ஒட்டித்தான் இருக்கும். பழகிய பிஸ்டன் என்றால் கொஞ்சம் தேய்ந்து, இன்னும் சற்று இடம் விட்டிருக்கும். புதியதில் அந்தத் தாராளம் கிடையாது.

ஸ்னோமொபைலுக்கென்றே இன்னொரு சங்கடமும் உண்டு. காரில் இருப்பது போல முன்னால் ரேடியேட்டர் வைத்து எல்லா வண்டியையும் செய்வதில்லை. பெரும்பாலான லிக்விட் கூல் வண்டிகளில், டிராக்குக்கு மேலே கூரை போல இருக்கும் டனலின் அடியில், கூலன்ட்டின் சூட்டை வெளியேற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்கள் இருக்கும். சுழலும் டிராக் பனியை வாரி அதன்மேல் வீசும், கூலன்ட் குளிரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீங்கள் வழியில் நிறுத்தி இருபது நிமிஷம் பேசிக்கொண்டிருந்தால், என்ஜின் வெதுவெதுப்பாகவே இருக்கும், டனலில் உள்ள கூலன்ட் மட்டும் பனியோடு பனியாகச் சில்லிட்டுவிடும். திரும்பக் கிளம்பியதும், கூலன்ட்டுக்கு வழிவிடும் அடைப்பான தெர்மோஸ்டாட் திறக்கும், அந்தக் குளிர் மொத்தமும் ஒரே அடியாகச் சிலிண்டரைச் சுற்றி வந்து சேரும். சிலிண்டர் சுருங்கும். உள்ளே பிஸ்டன் சூடு. மறுபடியும் அதே நாலு மூலை. இதனால்தான் காலையில் மட்டுமல்ல, ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் என்ஜினுக்கு நேரம் கொடுங்கள் என்கிறேன்.

எவ்வளவு நேரம்? கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், வெப்பமானியைப் பாருங்கள். கூலன்ட் 40 டிகிரி காட்டும்வரை நான் வண்டியில் ஏறுவதே இல்லை. அதற்குள் ஸ்கிகளை அசைத்து ஐஸ்பிடிப்பை விடுவிப்பேன், டிராக்கில் உறைந்த பனியைத் தட்டிவிடுவேன். கிளம்பிய பிறகும் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் விரலால் தொட்டும் தொடாத த்ராட்டில்தான்.

சரி, சூடாகிவிட்டது. இனிமேல் பத்து மணி நேரமும் பூப்போல ஓட்ட வேண்டுமா? இங்கேதான் இரண்டு கட்சி. ஒரு கட்சி, தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஓட்டு என்னும். இன்னொன்று, முதல் நாளே முறுக்கு, இல்லாவிட்டால் என்ஜினுக்குச் சோம்பேறித்தனம் வந்துவிடும் என்னும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களும் சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

நாம் எட்டிப் பார்ப்போம். புதுச் சிலிண்டரின் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று நினைப்பீர்கள். விளக்கை உள்ளே காட்டினால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் மெல்லிய கோடுகள் தெரியும். ஹோனிங், அதாவது சாணைக்கல்லால் தேய்த்த தடம் அது, வேண்டுமென்றே போடுவது. பள்ளங்களில் எண்ணெய் தங்கும். மேடுகளில் ரிங் உரசும். பழைய இரும்புச் சிலிண்டர்களில் அந்த மேடுகளே தேய்ந்து ரிங்கோடு இசைந்துபோகும். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு. அது இலேசில் தேயாது, அதனால் விட்டுக்கொடுப்பது ரிங்தான். புதுச் செருப்பு காலுக்குப் படிவது போல, ரிங் அந்தச் சிலிண்டரின் வட்டத்துக்குப் படிந்தாக வேண்டும்.

அதைப் படிய வைப்பது எது? ரிங்கின் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். பெரிய வேலையைச் செய்வது எரிந்த வாயுவின் அழுத்தம். அது ரிங்குக்குப் பின்னால் நுழைந்து அதைச் சுவரோடு தள்ளுகிறது. த்ராட்டிலைத் திறந்தால் அழுத்தம் கூடும், ரிங் நன்றாக ஒட்டும். மணிக்கணக்கில் மெல்ல ஓட்டினால் ரிங் சுவரைத் தடவிக்கொண்டே போகும், படியாது. ஆகவே பாரம் வேண்டும். அது தொடர்ந்து இருக்கவும் கூடாது, ஏனென்றால் உரசும் இடத்தில் சூடு ஏறிக்கொண்டே போகும். சில விநாடி திறந்துவிட்டு, தணித்து, மறுபடி திறந்து ஓட்டுங்கள். உறைந்த ஏரியின் மேல் ஒரே வேகத்தில் அரை மணி நேரம் போவதைவிட, வளைவும் மேடும் உள்ள பாதை புது என்ஜினுக்கு நூறு மடங்கு மேல்.

இறக்கத்தில் மட்டும் ஒரு கவனம். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் வருவதும் த்ராட்டிலைப் பொறுத்ததுதான். வேகமாக வந்து த்ராட்டிலை முழுக்க விட்டுவிட்டால் பெட்ரோலோடு எண்ணெயும் குறையும், பிஸ்டன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நீண்ட இறக்கமானால் நடுநடுவே ஒரு தொடு தொட்டுவிடுங்கள்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. "புது என்ஜின்தானே, பெட்ரோல் டாங்கில் கூடுதலாக ஒரு குவளை டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றிவிட்டேன்" என்று பெருமையோடு வருவார்கள். முதல் டாங்குக்கு எண்ணெய் கலக்கச் சொல்லும் வண்டிகள் உண்டு, சொன்ன அளவு ஊற்றுங்கள். ஆனால் இப்போதைய பல ஊசிமுறை (ஃப்யூல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் முதல் சில மணி நேரம் கணினியே கூடுதல் எண்ணெய் அனுப்பும். கொஞ்சம் புகை வரும், பயப்பட வேண்டாம். கையேடு சொல்லாதபோது நாமாக ஊற்றுவதில் வேடிக்கையான ஆபத்து ஒன்று இருக்கிறது. எண்ணெய் பெட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதே அளவு கலவை போனாலும் அதில் பெட்ரோல் குறைவு. அதாவது என்ஜினுக்குப் போகும் எரிபொருள் நீர்த்துப்போய், அது இன்னும் சூடாகத்தான் ஓடும். கார்புரேட்டர் வண்டியில், அடர்த்தியான குளிர்காற்றும் சேர்ந்துகொண்டால், நல்லது செய்யப் போய் பிஸ்டனைப் பொசுக்கிய கதையாகிவிடும்.

பனி இல்லாத வெறும் ஐஸில் ரன்னிங் இன், அதாவது புது என்ஜினைப் பழக்கும் இந்த ஓட்டம், செய்ய வேண்டாம். டிராக் வாரி வீசப் பனி இல்லையென்றால் கூலன்ட் குளிராது. சஸ்பென்ஷன் தண்டவாளத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்கும் பனிதான் ஈரம். அது இல்லாவிட்டால் உருகி இழுக்கும்.

என்ஜினோடு சேர்த்துப் பழக வேண்டிய இன்னொரு சாமான், என்ஜினின் சக்தியை டிராக்குக்குக் கடத்தும் டிரைவ் பெல்ட். அதற்கு 50 கிலோமீட்டர் போதும். புது டிராக்கும் நீளும், ஆகவே முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு அதன் தொய்வைப் பாருங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் வண்டியை முழுக்க ஆறவிடுங்கள். கைவைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அப்புறம் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறி, மட்டம் இறங்கியிருக்கலாம்.

கூடுதல் எண்ணெயால் ஸ்பார்க் பிளக் நனைவது சகஜம், பையில் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றினால் அதன் பீங்கான் உங்களோடு பேசும். காய்ந்த பழுப்பு என்றால் நலம். கரியும் பிசுக்குமாக இருந்தால் எண்ணெய் மிகுதி. வெள்ளை வெளேரென்று இருந்தால் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம், பெட்ரோல் போதவில்லை.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கும் சூடேற்றும் விதி அதேதான். ரன்னிங் இன் முடிந்ததும் கையேடு சொல்லும் முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வடித்த எண்ணெயை ஒரு தட்டில் ஊற்றி விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளித் தூள் போலக் கொஞ்சம் மினுங்கும். பாகங்கள் ஒன்றோடொன்று படிந்ததன் பொடி அது, கவலை வேண்டாம். விரலில் நிரடுகிற துணுக்குகள் கிடைத்தால் மட்டும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், அந்த எண்ணெயையும் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு.

நன்றி, வணக்கம்.