இன்ஹேலரை நாய் கடித்துவிட்டால்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா, அதே வீட்டில் ஒரு நாய். இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. கால்நடை மருத்துவர் என்ற முறையில் அந்த வீடுகளில் இருப்பவர்களிடம்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

மூச்சுத் திணறும்போது நீங்கள் எடுக்கிற இன்ஹேலரில் பெரும்பாலும் இருப்பது சால்பியூட்டமால். 1969 முதல் பயன்பாட்டில் உள்ள நல்ல மருந்து. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, தேவைப்பட்டால் விலங்குகளுக்கும் நாங்கள் கொடுக்கிறோம். அளவாகக் கொடுக்கும்வரை அதனால் பயமில்லை. நாய் அந்தக் குப்பியைக் கடிக்கும்போது உடலுக்குள் போகிற அளவுதான் ஆபத்து.

ஒரு பஃப்பில் வருவது 100 மைக்ரோகிராம். புதுக் குப்பி ஒன்றில் 200 பஃப் இருக்கும். ஆக மொத்தம் 20 மில்லிகிராம் மருந்து அழுத்தத்தோடு உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. நாயின் கோரைப்பல் அந்த மெல்லிய உலோகத்தில் ஒரு துளை போட்டால் போதும், அத்தனையும் ஒரே நொடியில் வாய்க்குள் பீறிடும். பாதி காலியான குப்பியாக இருந்தாலும் அது 100 பஃப். பெரியவர் ஒருவர் ஒரு நேரத்துக்கு எடுப்பது ஒன்றோ இரண்டோதான். இங்கே அதை வாங்கிக்கொள்வது பத்துக் கிலோ எடையுள்ள ஒரு சின்ன உடம்பு.

அதை நாய் விழுங்க வேண்டும் என்றுகூட இல்லை. வாயின் உட்தோல், மூக்கு, நுரையீரல் என எல்லா வழியாகவும் மருந்து ரத்தத்தில் ஏறிவிடுகிறது. அதனால்தான் சில நிமிடங்களிலேயே அறிகுறிகள் தொடங்கிவிடுகின்றன. குளிர்ந்த வாயு வேகமாக வெளியேறுவதால் நாக்கும் ஈறும் புண்ணாவதும் உண்டு.

நாய்க்கு இன்ஹேலர் மேல் அப்படி என்ன ஆசை என்று கேட்பார்கள். வாய் வைக்கிற பகுதியில் உங்கள் எச்சில் வாசனை இருக்கிறது. கடிக்கத் தோதான பிளாஸ்டிக். ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கிறது. பல் முளைக்கிற வயதில் இருக்கும் குட்டிக்கு இதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் வேண்டுமா?

சரி, உடம்புக்குள் போன மருந்து என்ன செய்கிறது? மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவதுதான் அதன் வேலை. அளவு மீறும்போது ரத்தக் குழாய்களையும் சேர்த்துத் தளர்த்திவிடும். ரத்த அழுத்தம் இறங்கும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். போதாததற்கு, அந்த அளவில் மருந்து இதயத்தையே நேராகவும் தூண்டும். சும்மா இருக்கிற நாயின் நாடித்துடிப்பு பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 140 வரை. இந்த நிலையில் அது 200-ஐத் தாண்டிவிடக்கூடும்.

இதைவிட நான் அதிகம் கவலைப்படுவது பொட்டாசியத்தைப் பற்றி. ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியத்தை சால்பியூட்டமால் செல்களுக்குள் தள்ளிவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு சரிந்தால் தசைகள் வலுவிழக்கும், நாய் நிற்க முடியாமல் கால் மடங்கி விழும். மிகவும் சரிந்தால் மூச்சுவிடும் தசைகளே தளர்ந்துபோகலாம். ஏற்கெனவே தாறுமாறாக ஓடுகிற இதயத்துக்கு இது இன்னொரு அடி. துடிப்பின் ஒழுங்கே குலைந்து, உயிர் போகவும் கூடும். ட்ரிப்பில் பொட்டாசியம் ஏற்றும்போதும் நாங்கள் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம் அல்லவா, அதற்குக் காரணம் உண்டு. பொட்டாசியம் உடம்பைவிட்டு வெளியே போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. மருந்தின் வேகம் குறைந்ததும் அது ரத்தத்துக்கே திரும்பி வரும். நாம் ஏற்றியதும் அதோடு சேர்ந்துகொண்டால் அளவு எல்லை மீறி ஏறிவிடும், அதுவும் இதயத்துக்கு ஆகாது.

இந்த அறிகுறிகளைப் பலரும் முதலில் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நாய் இரைக்கிறது, ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது, கண்கள் பளபளவென்று இருக்கின்றன, ஈறுகள் வழக்கத்தைவிடச் சிவந்திருக்கின்றன. பார்த்தால் ஏதோ உற்சாகத்தில் இருப்பதுபோலத் தெரியும். அப்புறம்தான் வாந்தி, உடல் நடுக்கம், சோர்வு எல்லாம். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறான், கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று காத்திருந்து இழக்கிற அந்த அரை மணி நேரம் எவ்வளவு முக்கியமானது என்பது எங்களுக்குத் தெரியும்.

அதனால் குப்பியில் பல் பட்டுத் துளை விழுந்திருக்கிறது என்று தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். கடித்த குப்பியையும் அதன் அட்டைப் பெட்டியையும் கையோடு எடுத்து வாருங்கள். எத்தனை பஃப் மீதமிருந்தது என்று காட்டும் எண் அதில் இருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி, அதிகபட்சம் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று உடனே கணக்குப் போட்டுவிடலாம். நாய்க்கு ஏற்கெனவே இதய நோய் இருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள். வழியில் அதை ஓடவோ குதிக்கவோ விடாதீர்கள், தூக்கிக்கொண்டு வர முடிந்தால் நல்லது.

வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே வைக்காதீர்கள். பீறிட்ட மருந்து அதற்குள் ரத்தத்தில் கலந்திருக்கும், வாந்தியால் அது வெளியே வராது. நடுக்கத்தில் இருக்கிற நாய்க்கு அந்த வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். உப்பே தனியொரு நஞ்சாகிவிடுவதும் உண்டு. பாலும் இதை முறிக்காது.

மருத்துவமனையில் ஈசிஜி வைத்து இதயத்தைக் கண்காணிப்போம். துடிப்பைக் குறைக்க ப்ரோப்ரனலால் போன்ற மருந்து கொடுப்போம். ஆஸ்துமா உள்ள மனிதர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிற அதே ப்ரோப்ரனலால்தான் இங்கே முறிமருந்து. விளைவுகள் பெரும்பாலும் அரை நாளில் அடங்கும், கடுமையாக இருந்தால் 48 மணி நேரம்வரை நீடிக்கும். நேரத்தோடு வந்து சேர்ந்த நாய்களில் பெரும்பாலானவை நன்றாகப் பிழைத்துக்கொள்கின்றன. இதைச் சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஆஸ்துமாவுக்கான மாத்திரைகள் வேறு கதை. இவற்றில் நான் அதிகம் பயப்படுவது தியோஃபிலின். காபியில் உள்ள கஃபீனுக்கும் சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமினுக்கும் நெருங்கிய உறவு அது. நாய்களுக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும்போது கிலோவுக்குச் சுமார் 10 மில்லிகிராம் கொடுப்போம். ஐந்து கிலோ நாய் ஒன்று 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் கிலோவுக்கு 80 ஆகிவிடுகிறது. வலிப்பு வரலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரை என்றால் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும், காலையில் விழுங்கியதற்கு மாலையில் துடிக்கும். மான்டெலுகாஸ்ட் அவ்வளவு மோசமில்லை, பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பிரெட்னிசலோன் ஒன்றிரண்டு என்றால் தாகமும் அடிக்கடி சிறுநீரும். என்றாலும் எதை விழுங்கியிருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது. நீண்ட நேரம் வேலை செய்யும் சால்மெட்டரால், ஃபார்மோட்டரால் கலந்த இன்ஹேலர் என்றால் கூடுதல் நேரம் கண்காணிக்க வேண்டியிருக்கும். சிரப்பில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.

இனி, இன்ஹேலரை எங்கே வைப்பது? பூட்டி வையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் இழுப்பு வந்தால் கை நீட்டியதும் எடுக்க முடிய வேண்டும், அதில் சமரசமே கூடாது. தலையணைக்கு அடியிலும் கட்டிலோர மேசையிலும் வைக்கிற பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். கட்டிலுக்கு மேலே சுவரில் ஆணி அடித்து, ஜிப் வைத்த சின்னப் பையில் தொங்கவிடலாம். நாய்க்கு எட்டாது, உங்களுக்கு எட்டும். தரையில் கிடக்கும் கைப்பையும் பிள்ளைகளின் பள்ளிப் பையும்தான் நாய் முதலில் மோப்பம் பிடிக்கிற இடங்கள், அவற்றையும் கொக்கியில் மாட்டுங்கள். காலியாகிவிட்டது என்று குப்பையில் போடும் குப்பியிலும் வாயுவும் மருந்தும் மிச்சம் இருக்கும், மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். நெபுலைசருக்கான சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளுக்கும் இதுவே பொருந்தும்.

கடைசியாக, அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி: நாய் இருமுகிறது, என் இன்ஹேலரிலேயே ஒரு பஃப் கொடுக்கலாமா? கொடுக்காதீர்கள். வயதான நாயின் இருமல் பல நேரங்களில் இதய நோயின் அறிகுறி. அந்த இதயத்தை இந்த மருந்து இன்னும் வேகமாக ஓட வைக்கும். கூட்டி வாருங்கள், இதயத்தையும் நுரையீரலையும் சோதித்துவிட்டு என்ன மருந்து என்று முடிவு செய்வோம். நன்றி, வணக்கம்.